ஆடி 24: கோயில், பூசை, கடல்

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
12 மே 2025

மேரின்!!! ஸ்கார்வ்ஓய் தீவில இருக்கிற சர்ச்சைத் திறந்து விடுறாவாம், எங்களுக்கு, எங்களுக்கெண்டே, ஜூலை 24, ஒரு பஸ் நிறைய ஆக்களைக் கூட்டிக்கொண்டு வரலாமாம்!!!

சரி. மூச்சு விட்டிட்டன். இனி ஆறுதலா எழுதுறன்.

ஓம், இது பேப்பர். ஓம், என்ர கையெழுத்து. நீ என்னை வட்ஸ்அப்பில பிளாக், இன்ஸ்டாவில பிளாக், ஸ்னாப்பில பிளாக். கடைசியா அந்த நடை எண்ணுற அப்பிலகூட பிளாக். அதில நான் உனக்கு என்ன செய்துபோடுவன் எண்டு பயந்தனீ? உன்ர அம்மாட்டைப் போய் பேர்கன் விலாசம் வாங்கினன். முத்திரை எந்தப் பக்கம் ஒட்டுறது எண்டு தேடிப் பாத்தனான். சிரிக்காதை.

ஸ்கார்வ்ஓய்க்கு எத்தினை மெயில் போட்டனாங்கள், ஞாபகம் இருக்கே? பதினொண்டு. சர்ச்சின்ர பூட்டுத் திறப்பு வைச்சிருக்கிற இங்கபியோர்க் எண்ட மனிசி பன்னிரண்டாவதுக்குப் பதில் போட்டிருக்கிறா. வருசத்தில ஒருநாள்தான் திறக்கிற சர்ச், மேரின்! கூரையில கப்பல் தொங்குது. கடலுக்குப் போனவை திரும்பி வரவேணும் எண்டு நேந்து கட்டுற அந்தச் சின்னக் கப்பல், கரையோரச் சர்ச்சுகளில நாங்கள் தேடித் தேடிப் படம் எடுக்கிறது. இதுக்கு மூண்டு பாய்மரம். மூண்டு! நான் மெயிலைப் பாத்திட்டு ட்ராமில கத்திப்போட்டன்.

நாலு வருசமா எங்கட 'கரையோரம்' இன்ஸ்டா பக்கத்தில எத்தினை சர்ச், எத்தினை மியூசியம், எத்தினை பீச் போட்டிருப்பம்? எல்லாம் உன்ர அப்பான்ர காரில. 'உலக முடிவு' எண்டு பேர் வைச்ச இடத்துக்குக்கூட அங்கிள் கொண்டுபோய் விட்டவர். நாங்கள் தண்ணிக்குள்ள நிண்டு கத்த, அவர் ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு கரையில நிண்டு, "காணும், ஏறுங்கோ, ஆருக்குக் காட்ட நிக்கிறியள்" எண்டுவார்.

இந்த முறை பஸ். நீ வந்தே ஆகவேணும். சரித்திரம் தெரிஞ்சது உனக்கு. எனக்கு ஆர்வம் மட்டும்தான். அன்ரியள் கேள்வி கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?

அறிவித்தல் இப்பிடி எழுதியிருக்கிறன், பாத்துச் சொல்லு:

"சர்ச் டூர்! பழைய காலத்து மாஸ் பற்றி விளக்கம், மியூசியம், பீச். ஜூலை 24, வியாழன். ட்வெய்ட்டாவில் இருந்து பஸ்."

நீ ஏன் கொதியில இருக்கிறாய் எண்டு எனக்கு உண்மையா விளங்கேல்லை. அந்த வீடியோ எண்டா, அதை அடுத்தநாளே அழிச்சிட்டன். நாப்பதாயிரம் பேர் பாத்த வீடியோ. எனக்கும் நட்டம்தானே?

யாழ்


பேர்கன்
20 மே 2025

யாழ்,

கடிதம் கிடைத்தது. முத்திரையைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறாய்.

கோபத்துக்குக் காரணம் விளங்கவில்லையாம். ஒரே ஒரு தடவை எழுதுகிறேன். பெரிய வியாழன் அன்று நாம் இருவரும் அந்தக் கல்லுக் கோயிலுக்குப் போனோம். அப்பா இறந்து ஐம்பத்து மூன்றாம் நாள். அவர் கார் ஓட்டாமல் நாம் போன முதல் பயணம். இரண்டு பஸ் மாறிப் போனோம். நான் முன்வாங்கில் இருந்து, மேலே தொங்கிய கப்பலைப் பார்த்து அழுதேன். நீ பின்னால் இருந்து என்னைப் படம் எடுத்தாய். அதற்கு மேல் "மேரினுக்கு உரு வந்திட்டுது" என்று எழுதினாய். திருவிழாவில் சாமி வந்து உரு ஆடுபவர்களுக்கு அடிக்கும் உடுக்குச் சத்தத்தையும் சேர்த்தாய். நாலு சிரிப்பு முகமும் போட்டாய்.

நாற்பதாயிரம் பேரில் ஒருவர் என் அம்மா. கோயில் அன்ரிமாரின் வட்ஸ்அப் குழுவில் அவருக்கு வந்தது. "ஏன் பிள்ளை குலுங்குறாய்?" என்று என்னிடம் கேட்டார். நான் வீட்டில் அழுவதில்லை. அம்மா பார்த்துவிடுவார் என்று ஒருநாளும் அழுததில்லை. அதற்காகத்தான் கோயிலில் அழுதேன்.

உனக்கு நட்டம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் அது அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்தது அறிவித்தல். பார்க்காமல் விட்டிருப்பேன், கண் சும்மா இருக்கவில்லை. நீ தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வீடியோ பார்த்துப் பழகியதால் 'சர்ச்' என்று எழுதுகிறாய். நாங்கள் கத்தோலிக்கர், கோயில் என்றுதான் சொல்வோம். 'மாஸ்' இல்லை, பூசை. 'பீச்' இல்லை, கடல். ஜூலைக்குத் தமிழில் ஆடி. நாலு வருடமாகத் தமிழில் ஒரு பக்கம் நடத்துகிறாய். நாலு சொல் தெரியாது.

நான் வரமாட்டேன். பதில் எழுதாதே.

மேரின்


ட்வெய்ட்டா
28 மே 2025

மேரின்,

பதில் எழுதாதை எண்டனீ. இது பதில் இல்லை, தகவல்.

முதல் தகவல்: கொதி வந்தா நீ எழுத்துத் தமிழுக்குப் போயிடுவாய். "ஒவ்வொரு தடவையும் அது அங்கேயேதான் இருக்கிறது." எனக்கு வாசிக்க வாசிக்க குளிரெடுத்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில உனக்குத் தொண்ணூற்றெட்டுக் குடுத்தது பிழை எண்டு இப்ப விளங்குது. நூறு குடுத்திருக்கவேணும்.

ரெண்டாவது: நீ சிரிக்கிறாய் எண்டு நினைச்சன். சத்தியமா. பின்னால இருந்து பாத்தா சிரிக்கிற ஆளின்ர தோளும் அழுற ஆளின்ர தோளும் ஒரே மாதிரித்தான் குலுங்குது. எத்தினை சர்ச்சில, சரி, எத்தினை கோயிலில நாங்கள் சிரிப்பை அடக்கேலாமல் வெளியில ஓடியிருக்கிறம்? நான் எழும்பி வந்து முன்னால பாத்திருக்கவேணும். பாக்கேல்லை. படம் நல்லா வந்திருந்தது, அதால எழும்பேல்லை. இதை எழுதவே எனக்கு என்னிலை அருவருப்பா இருக்கு. மன்னிப்பு எண்டு எழுதினா அதுவும் உனக்கு எழுத்துப் பிழையாத் தெரியும். எண்டாலும் எழுதுறன். மன்னிப்பு.

மூண்டாவது: அறிவித்தல் போட்டாச்சு. உன்ர திருத்தம் அப்பிடியே, ஒரு சொல் மாத்தேல்லை. படத்துக்குள்ள இடம் காணாமல் 'பற்றி விளக்கம்' எண்டதை மட்டும் வெட்டினன். பார், எவ்வளவு வடிவு:

"கடற்கரைக் கோயிலுக்குப் போவோம்! பழைய கோயில், பூசை, மியூசியம், கடல். ஆடி 24, வியாழன். ட்வெய்ட்டாவில் இருந்து பஸ்."

உன்ர தமிழுக்கு ஒரு பலம் இருக்கு எண்டு ஒத்துக்கொள்ளுறன். இருபது பேர் வந்தாக் காணும் எண்டிருந்தன், ரெண்டு நாளில பஸ் நிரம்பிட்டுது! அம்மாவோட வேலை செய்யிற உதயகுமாரி அன்ரி தனிய, தன்னோட பதினெட்டுப் பேரைச் சேத்திட்டா. எல்லாம் எங்கட சைவக்காரர். எங்கட பக்கத்தை அவையும் பாக்கினம் எண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது!

நாலாவது: உன்ர அம்மாவும் பேர் குடுத்திட்டா. கோயில் ஆக்கள் பதினொரு பேரையும் சேத்துக்கொண்டு வாறா.

ஒரு இடம் விட்டு வைச்சிருக்கிறன். சன்னல் பக்கம்.

யாழ்


பேர்கன்
10 ஜூன் 2025

யாழ்,

அம்மாவை யார் சேர்க்கச் சொன்னது?

அப்பா போன பிறகு அம்மா கோயிலையும் கடையையும் தவிர ஓரிடமும் போவதில்லை. காரைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறார். நான் கேட்டும் பேர்கனுக்கு வரவில்லை. இப்போது உன் பஸ்ஸில் ஏறப்போகிறாராம். "பூசை எண்டு போட்டிருக்கு, இவரின்ர ஆத்துமத்துக்கு ஒரு கருத்து வைச்சு மன்றாடலாம்" என்று போனில் சொல்கிறார். எனக்கு எதுவும் விளங்கவில்லை, எரிச்சல் மட்டும் வருகிறது.

ஒன்று சொல்கிறேன். அம்மாவை நீ படம் எடுக்கக் கூடாது. அவருடைய ஒரு விரல் எங்காவது தெரிந்தாலும் நீயும் நானும் முடிந்தோம்.

எனக்கு அன்று ஆஸ்பத்திரி வாட்டில் வேலை. சன்னல் பக்க இடத்தை யாருக்காவது கொடு. அம்மாவுக்கு என்ன நடந்தது என்று முழுவதும் எழுது. ஒழுங்கான தமிழில். சிரிப்பு முகம் இல்லாமல், மூன்று வியப்புக்குறி இல்லாமல்.

மேரின்


ட்வெய்ட்டா
25 ஜூலை 2025

மேரின்,

ஒழுங்கான தமிழில் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். வியப்புக்குறி இருக்காது. எரிச்சல் இருக்கும், அதை நீ தடை செய்யவில்லை.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு ட்வெய்ட்டா சென்டர் வாசலில் பஸ் நின்றது. ஓட்டுநர் கிருபன் அண்ணா. முதலில் உன் அம்மாவும் கோயில் அன்ரிமாரும் வந்தார்கள். சேலை, செபமாலை, மூன்று பெட்டி கோழி றோல்ஸ். பிறகு உதயகுமாரி அன்ரியின் ஆட்கள் வந்தார்கள். ஆண்கள் எல்லாரும் வேட்டி. கையில் செம்பு. எள்ளு, தர்ப்பை, வாழையிலை, ஒரு முழுத் தேங்காய்.

"அன்ரி, உதெல்லாம் என்னத்துக்கு?"

"என்னத்துக்கோ? நீதானே போட்டனீ. ஆடி. கோயில். பூசை. கடல். ஆடி அமாவாசைக்கு வேற என்னத்தைக் கொண்டாறது, கட்லட்டோ?"

மேரின், ஜூலை 24 ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் கடலில் இறங்கி, எள்ளும் தண்ணீரும் விடும் நாள். எனக்குத் தெரியாது. நான் சைவப் பிள்ளைதான், ஆனால் அமாவாசை என்றால் எங்கள் வீட்டில் மரக்கறி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இங்கபியோர்க் தந்த நாளை எடுத்தேன். நீ தந்த நாலு சொல்லைப் போட்டேன். நாலும் சேர்ந்து இப்படி ஒரு வேலை பார்த்திருக்கின்றன.

பஸ்ஸில் ஏறும்போதே உன் அம்மா கேட்டார்:

"பூசைக்கு ஃபாதர் நேர அங்கை வாறாரோ, பிள்ளை?"

"ஃபாதரோ? ஐயரெல்லோ வரவேணும்," என்றார் உதயகுமாரி அன்ரி.

"ஐயர் வந்து பூசை வைக்கிறதோ? விசர்க் கதை கதைக்காதேங்கோ."

"நான் விசரோ? பூசை எண்டா ஐயர்தான்."

"பூசை எண்டா ஃபாதர்தான்."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் உண்மையைச் சொன்னேன். ஐயரும் இல்லை, ஃபாதரும் இல்லை, பழைய காலத்துப் பூசை எப்படி நடந்தது என்று ஒரு நோர்வேஜிய அம்மா விளக்குவார் என்றேன். அந்தக் கணத்தில் இரண்டு கட்சிக்காரரும் ஒற்றுமையானார்கள். என்னைத் திட்டுவதில்.

இறங்க ஒருவரும் தயாராக இல்லை. லீவு எடுத்தாயிற்று, வேட்டி கட்டியாயிற்று, றோல்ஸ் பொரித்தாயிற்று. பஸ் வெளிக்கிட்டது. திராமன் நகரைத் தாண்டும்போது றோல்ஸ் பெட்டி திறந்தது. தர்ப்பணம் முடியும் வரை பச்சைத் தண்ணீரும் குடிக்காத பதினெட்டுப் பேருக்கு நடுவில் கோழி றோல்ஸ் வாசம். உதயகுமாரி அன்ரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். "சன்னலைத் திறவுங்கோ" என்றார். "ஏசி போட்டிருக்கு, திறக்கேலாது" என்றார் கிருபன் அண்ணா. "பிள்ளை, நான் கோயிலுக்கு ஓடுறனோ, கோயில் சண்டைக்கு ஓடுறனோ? சொன்னா அதுக்கேற்ற மாதிரி ஓடுவன்."

மியூசியத்தில் பத்து நிமிடம்தான் நின்றோம். மன்னார் அன்ரி ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வலையைப் பார்த்து, "உந்தக் கண்ணில என்ன மீன் நிக்கும்? திமிங்கிலமோ? கேள் பிள்ளை" என்றார். கேட்டேன். வழிகாட்டிப் பெடியனுக்குப் பதில் தெரியவில்லை. அந்த அன்ரி அவனுக்கு வலைக்கண் அளக்கக் கற்பித்தார், தமிழில். நான் மொழிபெயர்த்துக் களைத்தேன்.

ஸ்கார்வ்ஓய்க் கோயில் வாசலில் இங்கபியோர்க் நின்றார். முழங்கை நீளத்தில் ஒரு திறப்பு. இருபது பேருக்கு வாஃபில் சுட்டு வைத்திருந்தார். வேட்டிகளைப் பார்த்துவிட்டு, நாங்கள் பாட்டுக் குழுவா என்று கேட்டார். நான் ஓம் என்றும் இல்லை என்றும் சொல்வதற்குள் சைவக்காரர் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். அதைப் பார்த்து உங்கள் ஆட்களும் கழற்றினார்கள், நாங்கள் என்ன குறைந்தவர்களா என்பது போல. முப்பத்தொரு சோடி. இங்கபியோர்க் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தன் சப்பாத்தையும் கழற்றினார். கம்பளிச் சொக்ஸ், பெருவிரலில் ஓட்டை.

உள்ளே நான் கப்பலைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தினேன். அந்த இடைவெளியில் உதயகுமாரி அன்ரி தேங்காயைக் கையில் எடுத்துவிட்டார். இங்கபியோர்க் "நை, நை, நை" என்று இரண்டு கையையும் விரித்து ஓடி வந்தார். நிலம் நானூறு வருடப் பலகை.

"ஏன், இவையளுக்குத் தேங்காய் என்ன எதிரியோ?"

"அன்ரி, தயவுசெய்து வையுங்கோ."

மறுபக்கம் உன் அம்மா. "மாதா எங்கை, பிள்ளை?" ஒவ்வொரு மூலையாகத் தேடியிருக்கிறார். நான் இங்கபியோர்க்கிடம் கேட்டுச் சொன்னேன்: இது லூத்தரன் கோயில், ஐந்நூறு வருடத்துக்கு முதல் மாதா சிலையை எல்லாம் கழற்றிவிட்டார்களாம்.

"மாதாவைக் கழட்டினதோ?" உன் அம்மா வாங்கில் தொப்பென்று இருந்தார். "அப்ப நான் இவருக்கு ஆரிட்டைக் கருத்து வைக்கிறது?"

அவர் ஒரு கடித உறையைக் கைப்பையில் இருந்து எடுத்து, மறுபடி உள்ளே வைத்தார். அப்பாவின் பெயர் எழுதிய உறை, பூசைக்கு ஃபாதரிடம் கொடுப்பதற்கு. என்னால் இங்கபியோர்க்கின் விளக்கம் ஒன்றையும் கேட்க முடியவில்லை. கப்பலையும் படம் எடுக்கவில்லை. பன்னிரண்டு மெயில் போட்ட கப்பல்.

பிறகு கடல். கோயிலுக்குப் பின்னால் நூறு அடியில் உருண்டைக் கற்கள் நிறைந்த கரை. தண்ணீர் பதினாறு பாகை. ஃபோனைப் பஸ்ஸில் கிருபன் அண்ணாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். நீ சொன்னதற்காக மட்டும் அல்ல. கையில் இருந்தால் எடுத்துவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆண்கள் வரிசையாக முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அவர்களோடு உதயகுமாரி அன்ரியும் இறங்கினார். கரையில் நின்ற உன் அம்மா, "உங்களிலை பொம்பிளையளும் செய்யிறவையோ?" என்று கேட்டார்.

"செய்யிறேல்லை."

"அப்ப?"

"அப்பாக்கு நான் மட்டும்தான். ஆம்பிளைப் பிள்ளை இல்லை. ஒவ்வொரு வருசமும் ஐயரைக் கேக்கிறன், 'வேற ஆரையும் கொண்டு செய்வியுங்கோ' எண்டுறார். இஞ்சை ஐயர் இல்லையெண்டு நீ சொன்னவுடன," என்று என்னைக் காட்டினார், "உனக்கு ரெண்டு அறை தாறன் எண்டுதான் நினைச்சன். பிறகு பாத்தன், ஐயரில்லாட்டி ஆர் என்னை மறிக்கிறது?"

மந்திரத்துக்கு அவர் தன் ஃபோனில் ஒரு வீடியோவைப் போட்டுக் கல்லின் மேல் வைத்தார். தீவில் சிக்னல் ஒரு கோடு. "இப்போது உங்கள் தகப்பனாரின் பெயரைச் சொல்லுங்கள்" என்ற இடத்தில் நின்றது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாரும் எள்ளும் தண்ணீரும் கையில் பிடித்தபடி குளிரில் நடுங்கினார்கள்.

உதயகுமாரி அன்ரிதான் முதலில் சொன்னார். "சச்சிதானந்தன்." சத்தமாக. தண்ணீரை விட்டார். பிறகு அடுத்தவர், அடுத்தவர். மந்திரம் ஒன்றும் இல்லை. பெயர் மட்டும்.

பதினெட்டாவது பெயர் முடிந்தபோது உன் அம்மா தண்ணீருக்குள் நின்றார். எப்போது இறங்கினார் என்று நான் பார்க்கவில்லை. பூசைக்குக் கட்டிய சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளினார்.

"பேரைச் சொல்லுங்கோ அக்கா," என்றார் உதயகுமாரி அன்ரி.

"மேரினின்ர அப்பா."

"அது பேரில்லையெல்லோ."

உன் அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. "இஞ்சேருங்கோ" என்பார், இல்லாவிட்டால் "மேரினின்ர அப்பா". எத்தனை தரம் உங்கள் காரில் வந்திருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை.

"அருளானந்தன்," என்றார்.

சொல்லியும் தண்ணீரை விடவில்லை. கையை மூடிப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் இடுக்கால் சொட்டியது. நான் கிட்டப் போனேன். "அன்ரி, விடுங்கோ, கை விறைச்சுப்போகும்."

"கொஞ்சம் பொறு பிள்ளை. அவருக்குக் குளிர் தண்ணி ஆகாது."

கைச்சூட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாகும் வரை வைத்திருந்தார். பிறகுதான் விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு எழுத வரவில்லை. இங்கபியோர்க் வாஃபிலைக் கரைக்குக் கொண்டுவந்தார். எள்ளு கடற்பறவைகளுக்குக் கெடுதலா என்று கவலைப்பட்டார். அமாவாசைக்கென்று உதயகுமாரி அன்ரி சமைத்துக்கொண்டு வந்த காத்தோட்டிக்காய்க் கறியை வாஃபிலோடு சாப்பிட்டு, அந்தக் கசப்பில் கண் கலங்கி, இன்னொரு கரண்டி கேட்டார்.

திரும்பும்போது உன் அம்மா நீ இருந்திருக்க வேண்டிய சன்னல் பக்க இடத்தில் இருந்தார். நான் பக்கத்தில்.

"நீதானே பிள்ளை, 'உரு வந்திட்டுது' எண்டு போட்டனீ?"

"ஓம் அன்ரி."

"இண்டைக்கும் எடுத்தனீயோ?"

"இல்லை."

அவர் மடியில் இருந்த பெட்டியைத் திறந்து, கடைசி றோல்ஸை எனக்குத் தந்தார். ஆறிப்போய் எண்ணெய் உறைந்திருந்தது. சாப்பிட்டேன்.

இது முழுவதற்கும் படம் ஒன்றும் இல்லை, மேரின். இந்தக் கடிதம் மட்டும்தான்.

யாழ்


பேர்கன்
3 ஓகஸ்ட் 2025

எடி விசரி,

ஒழுங்கான தமிழில எழுது எண்டா இப்பிடியே எழுதுறது? வேலை முடிஞ்சு வந்து, சப்பாத்தும் கழட்டாமல் வாசிச்சனான். பேந்து அப்பிடியே படியில இருந்திட்டன். மேல் வீட்டுக்காரி வந்து சுகமில்லையோ எண்டு கேக்கிறாள். தோள் குலுங்கினதாக்கும். அவள் எண்டாலும் முன்னுக்கு வந்து பாத்தாள்.

அம்மாக்குப் போன் எடுத்தன். "கடல் எப்பிடி இருந்தது?" எண்டு கேட்டன். "குளிர்," எண்டவ. அவ்வளவுதான். "வேற?" எண்டன். "வேற என்ன? மாதாவைக் கழட்டிப்போட்டாங்கள்." உன்ர கடிதம் இல்லாட்டி எனக்கு இது ஒண்டும் தெரியவே வராது. சொல்லமாட்டா. நானும் அவவுக்கு ஒண்டும் சொல்லுறேல்லைத்தானே.

அண்டைக்கு வாட்டில வேலை எண்டு நான் எழுதினது வெறும் சாட்டு. லீவு கேட்டிருந்தாக் கிடைச்சிருக்கும். கேக்கேல்லை. உன்னைப் பழிவாங்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு, அம்மா அந்தப் பேரைச் சொன்ன இடத்தில நான் இல்லாமப் போனன். எனக்கு என்னிலைதான் கொதி.

அதோட அந்த நாலு சொல். சரி, ஒத்துக்கொள்ளுறன். 'சர்ச்' எண்டே விட்டிருந்தா உதயகுமாரி அன்ரி வந்திருக்கமாட்டா, 'மாஸ் பற்றி விளக்கம்' எண்டு விட்டிருந்தா அம்மா வந்திருக்கமாட்டா. என்ர திருத்தத்தாலதான் எல்லாம் பிழைச்சது. ஆனா 'பற்றி விளக்கம்' எண்டதை வெட்டினது நீ! இடம் காணேல்லையாம். எழுத்தைச் சின்னனாக்கத் தெரியாதோ? நாலு வருசம் போஸ்டர் கீறினனீ!

எனக்கு உன்னில இன்னும் எரிச்சல் போகேல்லை. போகும் எண்டு சொல்லவும் மாட்டன். நடை எண்ணுற அப்பில மட்டும் பிளாக்கை எடுத்திருக்கிறன். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு அடி நடக்கிறாய். வெக்கக்கேடு.

நானும் ஒற்றைப் பிள்ளை, பொம்பிளைப் பிள்ளை. உதயகுமாரி அன்ரி கேட்ட கேள்வி எனக்கும் இருக்கு. வாற வருசமும் திறப்பியளோ எண்டு இங்கபியோர்க்குக்கு மெயில் போட்டன். ஒரே மெயில், அடுத்தநாளே பதில் வந்திட்டுது. காத்தோட்டிக்காய் வருமோ எண்டு கேட்டிருக்கிறா.

கீழ உள்ளதை எங்கட பக்கத்தில போடு. படம் வேண்டாம், வெறும் எழுத்து. ஒரு சொல்லையும் வெட்டினாய் எண்டால் பேர்கனில இருந்து நடந்து வந்து அடிப்பன்.

"ஸ்கார்வ்ஓய்ப் பயணம். 12 ஓகஸ்ட் 2026, புதன். அண்டைக்கு ஆடி அமாவாசை, இந்த முறை தெரிஞ்சுதான் போடுறம்.

கோயில்: லூத்தரன் ஆக்களின்ரது. மாதா இல்லை. தேங்காய் உடைக்கேலாது. செருப்புக் கழட்டலாம்.

பூசை: இல்லை. ஐயரும் இல்லை, ஃபாதரும் இல்லை.

கடல்: இருக்கு. குளிர். கையில கொஞ்ச நேரம் வைச்சிருந்து விடலாம்.

அப்பா இல்லாத ஆரும் வரலாம். என்ன சமயம், ஆம்பிளைப் பிள்ளையோ பொம்பிளைப் பிள்ளையோ, கேக்கமாட்டம். ஃபோனைப் பஸ்சில விட்டிட்டு இறங்கவேணும். விரதக்காரர் முன்பக்கம், றோல்ஸ்காரர் பின்பக்கம்.

இதைத் தெரிஞ்ச ஆக்களுக்கெல்லாம் அனுப்பிவிடுங்கோ. வாறவை உங்கட அப்பாவின்ர பேரைக் கீழ எழுதுங்கோ, முழுப்பேர், 'இன்னாரின்ர அப்பா' எண்டு எழுதவேண்டாம்.

முதல் பேரை நாங்கள் எழுதுறம்: அருளானந்தன்.

அடுத்த பேர் உங்கட."

மேரின்